அக்காவுக்கு நான் எழுதிய மன்னிப்பு

எட்டாம் வகுப்புக்குப் புத்தரைப் பற்றிய பாடம் நான் பன்னிரண்டு வருஷம் நடத்தியிருக்கிறேன். நான்கு உண்மைகளுக்கு நான்கு மார்க். எண்வழிப் பாதையை வரிசை பிசகாமல் எழுதினால் எட்டு. பிசகினால் பாதிதான் போடுவேன். கறார் டீச்சர் என்று எனக்குப் பெயர், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. எண்பதுகள் தொடங்கிய சமயம், ஒருநாள் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், இதையெல்லாம் இப்ப யாராச்சும் செய்யறாங்களா?" என்று கேட்டாள். "பரீட்சைக்கு வர்ற கேள்வியா கேளு, உட்காரு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் அன்று முழுக்க அது மனசை விட்டுப் போகவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்கு ஏன் அந்தச் சந்தேகம் வரவில்லை?

செய்கிறவள் ஒருத்தி என் பக்கத்துப் போர்ஷனிலேயே இருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நாங்கள் அப்போது திருச்சி கே.கே. நகரில் குடியிருந்தோம். வீடுகளைவிட முள்செடிகள் அதிகமாக இருந்த காலம். என் கணவர் கைலாசபுரம் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பக்கத்துப் போர்ஷன்காரி பர்மாவிலிருந்து வந்தவள். என் வயதுதான் இருக்கும். ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். அவள் பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் புத்தர் படம் ஒன்று இருக்கும். நான் அதை அலங்காரப் படம் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலையில் கொல்லைப்பக்கம் துணி உலர்த்தப் போனேன். அவள் செம்பருத்திச் செடிக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, ஒரு டம்ளரிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மண்ணில் விட்டுக்கொண்டிருந்தாள். வாய் எதையோ முணுமுணுத்தது. செடிக்குத் தண்ணீர் விடுகிற லட்சணமா இது என்று எனக்குத் தோன்றியது.

"என்னம்மா பண்றீங்க? இப்படி ஊத்தினா சாயந்திரம் வரைக்கும் ஊத்தணும்."

அவள் சிரித்தாள். "செடிக்கு இல்லைங்க டீச்சர். நேத்து ஒரு அம்மாவுக்குச் சும்மா தைச்சுக் குடுத்தேன். ஏதாச்சும் நல்லது செஞ்சா அந்தப் புண்ணியத்தை நம்மளே வச்சுக்கக் கூடாது. இப்படித் தண்ணி விட்டு எல்லாருக்கும் பங்கு வைக்கணும். அம்யா, அம்யா, அம்யான்னு மூணு தடவை சொல்லணும். சமமா எடுத்துக்கங்கன்னு அர்த்தம். ரங்கூன்ல எங்க தெருவுல எல்லாரும் செய்வாங்க."

"எல்லாருக்கும்னா யாருக்கு?"

"எல்லாருக்கும்தாங்க. பிடிச்சவங்க, பிடிக்காதவங்க, நாய், பூனை, எல்லாம்."

அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளில், கப்பல் ஏறுகிற இடத்தில் ஒரு ஆள் அவள் அம்மாவின் காதிலிருந்த தோட்டைக் கழற்றச் சொன்னானாம். திருகாணி இறுகிப் போயிருந்ததால் அம்மாவுக்கு ரத்தம் வந்துவிட்டதாம். அவனுக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் விடுகிறேன் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. எனக்கு என்ன சம்பந்தம், ஆனாலும் வந்தது.

"எப்படிங்க முடியுது உங்களால?"

"முடியலைங்க டீச்சர். அதனாலதான் தினமும் செய்யறேன்."

அந்தப் பதில் என்னைப் பிடித்துக்கொண்டது. காரணம், எனக்கும் ஒருத்தி இருந்தாள். என் சொந்த அக்கா.

அதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்ரீரங்கத்துப் பெண். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். என்னைவிட ஒன்பது வயது பெரியவளான அக்காதான் என்னைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். நான் கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டதும் அப்பா வாசலோடு நிறுத்திவிட்டார். அப்பா அக்காவோடுதான் இருந்தார். ஐந்து வருஷம் கழித்து அவர் படுக்கையில் விழுந்தார், ஒரு மாதம் கிடந்தார், போனார். எனக்கு யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த ஸ்ரீரங்கத்து டீச்சர் ஒருத்தி காலையில் வந்து, "நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டபோதுதான் தெரியும். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டு போய் அரைமணி ஆயிற்று என்றார்கள். நடுவில் இருந்தது ஒரு காவேரிப் பாலம். அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை. அக்கா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஆறு வருஷம் நாங்கள் பேசவில்லை. ஆறு வருஷமும் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் அக்கா எனக்குச் சொல்லவே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல ஆத்திரம் ஆறவில்லை, ஊறத்தான் ஊறியது.

"இதுக்கு ஏதாவது பாடம் இருக்கா உங்க ஊர்ல?" என்று அக்கா கதையைச் சொல்லிப் பர்மாக்காரியிடம் கேட்டேன். பாடம் என்றதும் அவள் பயந்துவிட்டாள். தனக்கு ஒன்றும் தெரியாது, நாலாவது வரைதான் படிப்பு என்றாள். நான் விடவில்லை. தினமும் சாயந்திரம் அவள் மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்து நச்சரித்தேன். கடைசியில் காஜா எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு இடத்துல உட்காருங்க. முதல்ல உங்களுக்கு. நான் நல்லா இருக்கணும், எனக்குப் பயம் வேணாம், பகை வேணாம்னு நினைங்க. அது நல்லா ஊறினப்புறம் வேண்டியவங்க ஒருத்தருக்கு. அப்புறம் வேண்டியவங்களும் இல்லை, வேண்டாதவங்களும் இல்லை, அப்படி ஒருத்தருக்கு. கடைசியாத்தான் வேண்டாதவங்களுக்கு. அவசரப்படக் கூடாதுங்க டீச்சர்."

எண்வழிப் பாதையின் வரிசை மாறினால் பாதி மார்க் வெட்டுகிற நான், இந்த வரிசையை முதல் நாளே மாற்றினேன். முதலாவதை விட்டுவிட்டேன். 'நான்' என்று சொல்லாமல் 'அடியேன்' என்று சொல்லிப் பழகிய வீட்டில் வளர்ந்தவள் நான். பெருமாள் முன்னால் நின்றுகூட எனக்கு இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்கக் கூடாது என்பாள் அக்கா. பந்தியில் முதல் ஆளாகத் தன் இலையில் பரிமாறிக்கொள்கிற மாதிரி, எடுத்த எடுப்பில் நான் நல்லா இருக்கணும் என்று நினைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தவிர, எனக்கு என்ன குறை? தப்பு செய்தவள் அவள். மருந்து அவளுக்குத்தானே போக வேண்டும்?

வேண்டியவருக்கு என் கணவரை வைத்துக்கொண்டேன். வேண்டியவரும் வேண்டாதவரும் இல்லாத ஆள்தான் ஆச்சரியமாக அகப்படவே இல்லை. யோசித்துப் பார்த்தால் எல்லோர் மேலும் எனக்கு ஏதாவது ஒரு கடுப்பு இருந்தது. பால்காரர் தண்ணீர் கலக்கிறார். கண்டக்டர் சில்லறை தருவதில்லை. தலைமையாசிரியை பற்றிப் பேச்சே வேண்டாம். கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் ஞாபகத்துக்கு வந்தார். காலையில் கேட்டைத் திறப்பார், சாயந்திரம் மூடுவார், நடுவில் மணி அடிப்பார். பத்து வருஷமாகப் பார்க்கிறேன், அவர்மேல் எனக்கு ஒரு நினைப்பும் இல்லை. ஆள் கிடைத்துவிட்டார் என்று அவ்வளவு சந்தோஷம்.

தினமும் விடியற்காலையில் பால் காய்கிற நேரத்தில் உட்கார்ந்தேன். வாட்ச்மேன் நன்றாக இருக்கட்டும். அவருக்குப் பயம் வேண்டாம், பகை வேண்டாம். இதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு ஆளைப் பற்றித் தினமும் நல்லது நினைத்தால் அந்த ஆள் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிடுகிறது. இடது காலை அவர் கொஞ்சம் இழுத்து நடக்கிறார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். எப்போதிலிருந்து? பத்து வருஷமாகவா? அவருக்கு எத்தனை குழந்தைகள்? மதியம் எங்கே சாப்பிடுகிறார்? ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு நினைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அக்கா நன்றாக இருக்கட்டும் என்று ஆரம்பித்தால் அடுத்த நிமிஷம் கழுவிவிட்ட அந்த வாசல் வந்து நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம் செய்தேன். ஒருநாள் வாசல் வரவில்லை. மனசு லேசாக இருந்தது. சரி, பாஸாகிவிட்டேன் என்று முடிவு செய்தேன். உடனே ஓர் இன்லேண்டு லெட்டர் எடுத்து எழுதினேன். 'அன்புள்ள அக்காவுக்கு, நீ எனக்குச் செய்ததை எல்லாம் நான் மன்னித்துவிட்டேன். இனி உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நீ நிம்மதியாக இருக்கலாம்.' கையெழுத்து அழகாக வந்திருந்தது. தபாலில் போட்டுவிட்டுத்தான் கணவரிடம் சொன்னேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அவங்க உன்கிட்ட மன்னிப்பு கேட்டாங்களா?"

"இல்லை."

"நாங்க பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் அடுத்தவன் பாவத்தைச் சொன்னா சாமியார் திட்டுவாரும்மா. உன் கணக்கை மட்டும் சொல்லுன்னு."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அக்காவிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். பார்த்தாயா, நான் மன்னித்தும் அவளுக்குத் திமிர் போகவில்லை என்று நினைத்தேன். லேசான மனசு பழையபடி கனத்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் மதிய இடைவேளையில் கேட்டுப் பக்கம் போனேன். வாட்ச்மேன் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்திருந்தார். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இனி ஒருநாளும் தாங்காது என்றாகியிருந்தது எனக்கு.

"காலுல என்னங்க?" என்று கேட்டேன்.

அவர் தடுமாறி எழுந்துவிட்டார். பத்து வருஷத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. பொன்மலையில் சுமை தூக்கிய காலத்தில் பட்ட அடி என்றார். ஒரே பெண், லால்குடியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். பேரன் பிறந்திருக்கிறான். முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. நான் கிளம்பும்போது மரியாதைக்கு அவரும் ஒன்று கேட்டார்.

"உங்க அக்கா நல்லா இருக்காங்களா டீச்சரம்மா?"

"என் அக்காவை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு தடவை இங்க வந்தாங்களே. ஆச்சு, அஞ்சாறு வருஷம். நல்ல வெயில். நான்தான் ஸ்டூல் எடுத்துப் போட்டேன், உட்காரலை. வீட்டுல அப்பாவுக்கு ரொம்ப முடியலை, தங்கச்சியை உடனே வரச் சொல்லுங்கன்னாங்க. நான் வந்து கூப்பிட்டேன், நீங்க வகுப்புல இருக்கேன்னு சொல்லச் சொன்னீங்க. அதைச் சொன்னப்புறமும் ஒரு மணி நேரம் நின்னாங்க. அப்புறம் போயிட்டாங்க."

 கேட்டோரம் கிடந்த அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன்.

மறந்துபோயிற்று என்று எழுதினால் அது பொய். அன்று நான் வகுப்பில் இல்லை. ஓய்வறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து, "உங்க அக்கா வந்திருக்காங்க, வீட்டுல..." என்று ஆரம்பித்தார். வீட்டில் என்ன என்று நான் அவரைச் சொல்லவிடவில்லை. அதற்கு முன்னால் ஒரு தடவை வந்தபோது அக்கா, தாலியைக் கழற்றிவிட்டுச் சிலுவை மாட்டிக்கொண்டாயா என்று இதே கேட்டில் நின்று கேட்டிருந்தாள். மறுபடியும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று, "கிளாஸ்ல இருக்கேன்னு சொல்லுங்க" என்று கையை வீசி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் அப்பா போனார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆறு வருஷம் ஊர் முழுக்க அக்கா சொல்லவில்லை என்று சொன்னேனே, அதில் ஒரு தடவைகூட இந்த ஸ்டூலையும் வெயிலையும் நான் சொன்னதில்லை.

அதற்கு மேல் அவளுக்கு மன்னிப்பு வேறு எழுதிப் போட்டிருக்கிறேன். நிம்மதியாக இருக்கலாமாம். அதை நினைத்தபோது உடம்பே கூசியது.

சாயந்திரம் பர்மாக்காரியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். 

"முதல் ஆளை விட்டுட்டீங்களா டீச்சர்?" என்றாள் கடைசியில். நான் தலையை ஆட்டினேன். "அங்கேயே பார்த்திருப்பீங்க. தனக்கு நல்லது நினைக்க உட்கார்ந்தா முதல்ல நம்ம தப்பெல்லாம்தான் வரிசையா வரும். அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் நெறைய பேரு அதை விட்டுட்டு ஓடறது. நானும் ஓடியிருக்கேன்."

"இப்ப நான் என்ன பண்றது?"

மழைக்காலம் முடிந்ததும் அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டாம். பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் கைகூப்பி உட்கார்ந்து, உடம்பாலோ வாயாலோ மனசாலோ தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார்களாம். எந்தத் தப்பு என்று பெரியவர்கள் திருப்பிக் கேட்க மாட்டார்களாம். "கேக்கறது மட்டும்தாங்க நம்ம வேலை. அவங்க குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்" என்றாள்.

சனிக்கிழமை மதியம் ஸ்ரீரங்கம் போனேன். பஸ்ஸில் பாலம் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. அக்கா கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"வா" என்றாள். "உன் லெட்டர் வந்தது."

பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து அதை எடுத்து என் முன்னால் வைத்தாள். என் அழகான கையெழுத்து. நான் தரையில் உட்கார்ந்து கைகூப்பினேன். சொல்லிக்கொண்டு வந்த வாசகம் பாதிதான் வந்தது. தெரிஞ்சும் தெரியாமலும் பண்ணின தப்பையெல்லாம் பொறுத்துக்கோ அக்கா என்றேன்.

"எந்தத் தப்பு?"

என் அக்காவுக்குப் பர்மாப் பெரியவர்களின் பண்பாடு தெரியாது. கேட்டுவிட்டாள். நானும் சொன்னேன். பள்ளிக்கூடத்து கேட், வெயில், நான் வகுப்பில் இல்லாமல் வகுப்பில் இருப்பதாகச் சொன்னது, ஆறு வருஷம் ஊரெல்லாம் அவளைத் தூற்றியது, எல்லாம். அவள் ஒரு பூவை எடுத்து நரம்பைக் கிள்ளினாள். அடுத்ததை எடுத்தாள்.

"நீ வராதது எப்பவோ ஆறிப்போச்சு. ஊரெல்லாம் சொன்னியே, அதுவும் காதுல விழுந்தது. போறதுன்னு விட்டேன். எடுத்தப்புறம் வந்து நின்னியே, அன்னிக்கு உனக்குச் சொல்லியனுப்பாதது என் தப்பு. கோவத்துல பண்ணிட்டேன். அதுக்கு நீ என்னை மன்னிச்சேன்னு எழுதினது சரிதான். ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு ஆற மாட்டேங்கறது."

"என்னக்கா?"

"என்னைப் பொய் சொல்ல வச்சியே."

எனக்குப் புரியவில்லை. அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"அன்னிக்கு உன்னை அழைச்சிண்டு வரேன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். திரும்பி வந்தா கண்ணைத் திறந்துண்டு படுத்திருக்கார். வந்தாளான்னு கேக்கறார். நான் என்ன சொல்வேன்? வந்தா, நீங்க கண்ணசந்துட்டேள், கால்மாட்டுல உட்கார்ந்திருந்தா, ஸ்கூலுக்கு நாழியாச்சுன்னு போயிட்டான்னேன். எழுப்பியிருக்கப்படாதோன்னார். அப்பாகிட்ட நான் சொன்ன ஒரே பொய் அதுதான். சாகக் கிடக்கறவர்கிட்ட. அத்தோட விட்டாரா? என்ன கட்டிண்டிருந்தான்னு கேட்டார். பச்சைப் புடவைன்னேன். வாயில அதுதான் வந்தது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். வாழைப்பூக் கறை பிசுபிசுத்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அப்பா நம்பினாராக்கா?"

"தெரியலைடி" என்றாள். "அவளுக்குப் பச்சை நன்னாத்தான் இருக்கும்னார்."